சலவைக்கல் தரையின் கதை



தைப்பூசத்திற்குப் பத்துமலை சென்று வந்தவர்கள், 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நின்றபோது, மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வளவு பெரிய குகையைக் குடைந்தது எவருடைய உளியும் அன்று, தண்ணீர்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக மெல்லிய புளிப்பை அடைகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லை அணு அணுவாகக் கரைத்துவிடுகிறது.

சலவைக்கல் இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு உடன்பிறப்பு. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல் இறுகி மாறியதே சலவைக்கல். பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும், பத்துமலைக் குகையைக் கரைத்த புளிப்பு இதையும் கரைக்கும். இந்த உறவை மறந்ததால் கெட்ட தரைகள் ஏராளம். அத்தகைய தரைகள் நிறைந்த ஒரு பகுதி, தமிழகத்தில் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாடு.

அந்த வீடுகளுக்கும் இந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் வைத்து, ஈயச் சுரங்கத்தாருக்கும் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். சிலர் ரப்பர் தோட்டங்களையே வாங்கினார்கள். நம்மில் சிலருடைய பாட்டனார் ‘செட்டியார் தோட்டத்தில்’ பால் வெட்டியவராகவும் இருக்கலாம். ஆனாலும் அவர்களுடைய பணத்தில் பெரும்பங்கு பர்மாவின் நெல் வயல்களில்தான் இருந்தது. அங்கும் இங்கும் ஈட்டிய பொருள் ஊருக்குத் திரும்பி வீடாக எழுந்தது. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. கானாடுகாத்தானில் 1912இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனை போன்ற மாளிகை இவற்றுள் பேர் பெற்றது.

இத்தாலியச் சலவைக்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கராரா என்னும் ஊர். ரோமானியர் காலம்தொட்டு அங்கே கல் வெட்டுகிறார்கள். மைக்கேலாஞ்சலோ 1504இல் முடித்த தாவீதின் சிலையும் கராராக் கல்தான். சிலைக்கு உகந்த கல்லைக் காலால் மிதிக்கும் தரையாக்கினார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய செல்வச் செருக்கு என்று எண்ணிக்கொள்ளலாம்.

அந்தச் செருக்கைப் பளபளப்பாக வைத்திருந்தவர்கள் தினமும் விடியற்காலையில் குனிந்து கூட்டித் துடைத்த பெண்கள். வீட்டைக் கட்டியவரின் பெயர் முகப்பில் இருக்கும். துடைத்தவரின் பெயர் எங்கும் இராது. ஆனால் அவர்களுடைய முறையில் பொருள் இருந்தது. முதலில் மெல்லிய துடைப்பத்தால் மணலைப் போக்கினார்கள். மணல் சலவைக்கல்லைவிட மிகக் கடினமானது; காலடியில் சிக்கிய ஒரு மணல் துகள் போதும், கீறல் விழுந்துவிடும். செருப்பைத் திண்ணையோடு விட்டுக் கால் கழுவி உள்ளே வரும் நம் வழக்கம் தரைக்கும் காவலாக அமைந்தது. பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக்கினார்கள். அவ்வளவுதான் வைத்தியம். பல வீடுகளில் சமையற்கட்டு பின்கட்டில் தள்ளி இருந்ததால், ரசமும் புளிக்குழம்பும் முகப்புக் கல்லுக்கு அருகில் வரவில்லை.

பிறகு காலம் மாறியது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் அரசுடைமையாயின. பணம் வந்த வழி அடைந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பிரிந்தனர். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு சாவி. சில வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவுமாக விற்றார்கள். எஞ்சியவை கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்பட்டன. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த தரையில் ஈரம் ஏறிற்று. இரும்புப் பெட்டியின் அடியில் துருக்கறை பிடித்தது.

கெடுதல் அதோடு நிற்கவில்லை. நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குள் தரை வெளுக்க வேண்டும் என்ற அவசரத்தில் குளியலறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சலவைக்கல்லின் மேல் ஊற்றுவார்கள். நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று மகிழ்வார்கள். பொங்குவது அழுக்கன்று, கல். உலர்ந்ததும் தரை சொரசொரப்பாகி மங்கிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த அழுக்கு இன்னும் எளிதாகத் தங்கும்.

தாய்மார்களே, புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்கு பொன்போல் மின்னும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைத் தரைக்குக் கொண்டு போகாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுமே சலவைக்கல்லுக்கு ஆகா. சலவைக்கல் துண்டுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்த தெராசோ தரைக்கும் இதே விதிதான். ஓட்டலிலும் பெரிய வீடுகளிலும் துப்புரவு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மற்றொன்றும் சொல்லிவையுங்கள்: ஆசிட்டையும் வெளுப்புத் தண்ணீரையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். அடைத்த அறையில் உயிருக்கே ஆபத்து.

எண்ணெய்க்கறை பட்டால் தேய்ப்பதைவிட உறிஞ்சுவது மேல். வெள்ளைக் களிமண்ணை நீரில் குழைத்துக் கறைமேல் தடிமனாக அப்பி, ஒரு நாள் விட்டு எடுத்தால், உலரும் மண் கறையைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை. ஆக்ராவில் தாஜ்மகாலின் சுவர் புகையால் மஞ்சளித்தபோது, தொல்பொருள் துறையினர் முல்தானி மண்ணைப் பூசியே அழுக்கை எடுத்தார்கள்.

ஆசிட்டால் மங்கிய தரைக்குப் பூச்சு உதவாது. மேல்தோலைச் சீவித்தான் ஆகவேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே முதலில் சொரசொரப்பான சாணைக்கல், அடுத்து அதைவிட நயமானது, அதற்கடுத்து இன்னும் நயமானது என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒரு படியை விட்டால் முந்தைய கீறல் பளபளப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் கல் சிறிது தேய்கிறது. ஆகவே ஆண்டுதோறும் செய்யும் வேலையன்று இது. கடைசி மெருகுக்குப் பழைய கைவினைஞர்கள் நம்பியது வெள்ளீய ஆக்சைடு என்னும் வெண்பொடி. ஈயத்தைச் சுட்டு எடுத்த பொடி அது. கிந்தாப் பள்ளத்தாக்கில் அதே ஈயத்தை எதன் மேலிருந்து வாரினார்கள் தெரியுமா? சுண்ணாம்புக்கல் படுகையின் மேலிருந்துதான். ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் அந்தக் கல்லே.

உங்கள் வீட்டிலோ நீங்கள் வேலை செய்யும் இடத்திலோ உள்ள தரை எது என்று ஐயம் வந்தால், கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரே ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சுட்ட மண் ஓடு என்றால் ஒன்றும் ஆகாது. மங்கிய வட்டம் விழுந்தால், பத்துமலையின் உறவுக்காரக் கல் உங்கள் காலடியில் இருக்கிறது. வாளியில் நல்ல தண்ணீரை மட்டும் எடுங்கள்.