வதிவிட வைத்தியப் பயிற்சியின் தோற்றமும் வைத்தியரின் நோயும்

ஐக்கிய அமெரிக்காவில் சத்திரசிகிச்சை வைத்தியர்க்கான வதிவிடப் பயிற்சி முறையின் வரலாற்றை எழுதுவோர், அதனைத் தோற்றுவித்த வில்லியம் ஹோல்ஸ்ரெட்டின் (1852–1922) சாதனைகளை விரித்துரைப்பர். அவரது நோயை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவர். பயிலும் வைத்தியரின் நோய் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஆராயுமிடத்து, அந்த அடிக்குறிப்பே எமக்கு முதன்மையானதாகின்றது.

1884 செப்ரெம்பரில், கொக்கெயின் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்னும் கார்ல் கொல்லரின் கண்டுபிடிப்பு ஹைடல்பேர்க் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அதனையறிந்து நியூயோர்க்கில் ஹோல்ஸ்ரெட்டும் சக வைத்தியரும் மாணவரும் அம்மருந்தைத் தம் உடலிலேயே ஏற்றிப் பார்த்து, நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை வகுத்தனர். அது மனிதரை அடிமைப்படுத்தும் என்பது அன்று நன்கு உணரப்படவில்லை. அவர்களுட் பலர் அதற்கு இரையாயினர். 1886இல் ஹோல்ஸ்ரெட் புரொவிடென்ஸ் நகரின் பட்லர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். பின்னர் நண்பர் வில்லியம் வெல்ச் அவரைப் போல்ரிமோருக்கு அழைத்துத் தம் ஆய்வுகூடத்தில் இடமளித்தார். 1889இல் அங்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டதும் சத்திரசிகிச்சைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. உடன் வீழ்ந்த இளையோர் பலர்க்கு இத்தகைய ஆதரவாளர் எவரும் வாய்க்கவில்லை. அவர்தம் பெயர்களையும் வரலாறு பெரிதும் பேணவில்லை.

ஹோல்ஸ்ரெட் அமைத்த முறையில் வதிவிட வைத்தியர் வைத்தியசாலையிலேயே உறைவர். பயிற்சிக்காலத்துக்கு வரையறை இல்லை; அது முடிந்ததெனத் தீர்மானிப்பவர் தலைவரே. படிதோறும் ஆட்குறைப்பு நிகழும். உச்சியை ஒருவரே எய்துவர். கொக்கெயின் தந்த ஊக்கமே இந்த ஓயா உழைப்பு முறையைப் பிறப்பித்தது எனச் சிலர் இன்று கூறுவர். இக்கூற்று எமக்கு ஏற்புடையதன்று. 1878 முதல் 1880 வரை ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளிற் கற்றபோதே உதவி வைத்தியரைப் படிப்படியாகப் பயிற்றும் முறையை அவர் கண்டிருந்தார். மேலும், அவர் நெடுநாள் விடுப்பிற் செல்பவர். சத்திரசிகிச்சை பலவற்றை வதிவிட வைத்தியரிடமே விட்டவர். நோயின் தடத்தைத் தேடவேண்டியது அவரது உழைப்பிலன்று, அவர் இல்லாத நாட்களிலேயே என்பது எம் கருத்து.

கொக்கெயினை மோர்பின் தொடர்ந்தது. சக பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர் இதனை அறிந்து, ஓர் இரகசியக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அது 1969இலேயே வெளிவந்தது. நண்பரின் மௌனம் ஒரு பெரும் சத்திரசிகிச்சையாளரைக் காத்தது மெய்யே. எனினும், வைத்தியரின் நோய் நண்பர் மறைத்துக் காக்கவேண்டிய ஒன்று என்னும் வழக்கத்தையும் அது வலுப்படுத்தியது. அம்மறைப்பு பேராசிரியருக்குக் கிட்டும். முதலாண்டு வதிவிட வைத்தியருக்குக் கிட்டாது.

அதே 1969இல், தவறு எதனையும் தனியே நிறுவாமலே நோயாலோ போதையாலோ தகுதி குன்றிய வைத்தியரின் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் புளோரிடாவில் இயற்றப்பட்டது. 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் நோயுற்ற வைத்தியர் குறித்து அறிக்கை வெளியிட்டது. ஆயினும் பயிலுநரின் வேலைநேரம் தொடப்படவில்லை. 1984இல் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் 18 வயதுப் பெண்ணொருவர் இறந்ததன் பின்னரே, 1989இல், அம்மாநிலம் கிழமைக்கு 80 மணித்தியாலம் என வரையறுத்தது. நாடு முழுவதற்கும் அவ்வரையறை 2003இல் வந்தது. விதியைப் பிறப்பித்தது நோயாளி ஒருவரின் மரணமேயன்றி, நூறாண்டுக்காலம் சோர்ந்து வீழ்ந்த பயிலுநரின் நோயன்று.