திருச்சாரணத்து மலையின் குரத்தியார்

கழக்கூட்டத்தில் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவளம், விட்டால் பொன்முடி. ஒரு தடவை தெற்கே போய்ப் பாருங்கள். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் சிதறால். மொத்தம் 60 கிலோமீட்டர் போல வரும்.

அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை ஏறுகிறது. சின்னப் பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். உச்சியில் இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகிய இடைவெளி. அதில் நுழைந்தால் பாறை முகம் முழுக்கத் தீர்த்தங்கரர்கள்! பாம்புக் குடையின் கீழ் பார்சுவநாதர், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை.

ஊர்க்காரர்களுக்கு இது மலைக்கோவில். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமணத் துறவிகள். 9ஆம் நூற்றாண்டில் அவர்களின் பள்ளி இங்கே இருந்தது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலாக மாறியது. ஆனாலும் பழைய சிற்பங்கள் பாறையில் அப்படியே இருக்கின்றன.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வட்டெழுத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு. அரிட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்தார் என்கிறது. குறவர் குறத்தி என்று நினைத்துவிடாதீர்கள், இது 'குரத்தி'. அதாவது பெண் குரு. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் வருகிறார்கள். துறவு பூண்ட பெண்கள், தங்கள் பெயரில் தானம் செய்தவர்கள், அத்தனை தூரம் பெயர் போனவர்கள்!

1956 நவம்பர் 1 வரை சிதறாலும் கழக்கூட்டமும் ஒரே மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. அதற்கப்புறம்தான் நடுவில் எல்லைக்கோடு. நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் மலையாளமும் ஹிந்தியும் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பாட்டி வீட்டுப் பாஷை, லீவுக்குப் போகிற ஊரின் பாஷை. இந்தப் பக்கத்து மலையில் 1100 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குருவின் பெயரைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? பாடப் புத்தகம் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். நாம்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் போங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். பெண் குழந்தை இருந்தால் கட்டாயம் போங்கள்.