இரு பெயர் பூண்ட ஒரு வண்டி

கல்கத்தாவில் வாழ்ந்த நம்மவர்க்கு அம்பாசடர் காரை அறிமுகம் செய்விக்க வேண்டுவதில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் 1957-ஆம் ஆண்டு முதல் 2014 வரை உருவான அவ்வண்டி, பிறப்பால் இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்பதையும் பலர் அறிவர். கடல் கடந்து வந்ததும் அது வேறொரு பெயர் பூண்டது. இதனால் குழப்பம் ஏதும் நேரவில்லை; ஒரு பெயர் வழங்கிய நாட்டில் மற்றொரு பெயர் வழங்கவில்லை. ஆனால், ஒரே தொழிற்சாலையில் ஒரே கரங்களால் உருவாக்கப்பட்ட ஒரே வண்டி, ஒரே ஊரின் இரண்டு கடைகளில் இரண்டு பெயர்களோடு விற்கப்படுமாயின், அவ்விரண்டினுள் சிறந்தது எது என்று எவ்வாறு கூறுவது? இவ்வினாவுக்கு விடை தருவது ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம்.ஜி. மிட்ஜெட் என்னும் இரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாறு. அதனை இங்கு ஆராயப் புகுவோம்.

முதலில், இவ்விரட்டைப் பிறப்புக்கு இடமளித்த சூழ்நிலையை நோக்குவோம். இங்கிலாந்தில் நெடுங்காலம் போட்டியிட்டு நின்ற ஆஸ்டின் நிறுவனமும், மாரிஸைத் தலைமையாகக் கொண்ட நஃபீல்டு நிறுவனமும் 1952-இல் ஒன்றாக இணைந்து, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் என்னும் பெரிய நிறுவனமாயின. முதலாளிகள் ஒன்றாயினர், கடைகள் ஒன்றாகவில்லை. ஆஸ்டின் வண்டி விற்றவர் ஆஸ்டினையே விற்றனர், மாரிஸும் எம்.ஜி.யும் விற்றவர் அவற்றையே விற்றனர். தந்தை வாங்கிய பெயரையே மகனும் வாங்கும் பழக்கம் அந்நாட்டில் வலுவாக இருந்தது. ஆகவே பழம் பெயர்களுள் எதனையும் கைவிட நிறுவனத்தார் அஞ்சினர்.

இனி ஸ்பிரைட்டின் பிறப்பைக் காண்போம். டொனால்டு ஹீலி என்பவர் 1898-இல் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர்; 1931-இல் மான்டி கார்லோ ராலிப் போட்டியில் வென்று புகழ் பெற்றவர். வார்விக் நகரில் சிறு பட்டறை ஒன்றை நிறுவி, தம் பெயராலேயே கார்களை உருவாக்கி வந்தார். 1952-ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அவர் வைத்த வண்டியைக் கண்ட ஆஸ்டின் தலைவர் லெனார்டு லார்டு, அதனைப் பெருவாரியாக உற்பத்தி செய்ய அங்கேயே இசைந்தார். அன்று முதல் ‘ஆஸ்டின்-ஹீலி’ என்னும் கூட்டுப் பெயர் உலவலாயிற்று. விற்கும் வண்டிதோறும் ஹீலி குடும்பத்தார்க்கு ஒரு தொகை சேரும் என்பது உடன்படிக்கை. இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கதையின் முடிவு இதனையே சார்ந்துள்ளது.

அந்த ஆஸ்டின்-ஹீலி பெரிய வண்டி, விலையும் உயர்ந்தது. இளைஞரும் குறைந்த ஊதியம் பெறுவோரும் வாங்கத்தக்க சிறு வண்டி ஒன்று வேண்டுமென லார்டு விரும்பினார். மிதிவண்டிக் கொட்டகையிலேயே நிறுத்தி வைக்கத்தக்கதாக அது இருக்க வேண்டுமென அவர் எண்ணியதாகக் கூறுவர். ஹீலி குழுவினர் அவ்வண்டியை வகுத்தளிக்க, 1958 மே மாதம் மான்டி கார்லோவில் அது உலகிற்கு அறிமுகமாயிற்று. நீளம் மூன்றரை மீட்டர். எடை ஏறத்தாழ 660 கிலோ, அதாவது அம்பாசடர் காரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. இருவர் மட்டுமே அமரலாம். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர்; ஆற்றல் 43 குதிரைச் சக்தி. இந்நாளில் நகரத்துச் சிறு கார்களுக்கும் இதனினும் மிகுந்த ஆற்றல் உண்டு. எனினும் எடை குறைந்தமையால், அவ்வண்டி மணிக்கு 80 மைலுக்குச் சற்று மேலான வேகத்தை எட்டியது.

மலிவு எங்ஙனம் கைகூடியது? புதிதாக எதனையும் படைக்காமல், இருப்பவற்றைச் சேர்த்ததனால்தான். எஞ்சினும் முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பும் ஆஸ்டின் ஏ-35 என்னும் குடும்பக் காரிலிருந்து வந்தன. ஸ்டியரிங் மாரிஸ் மைனரிலிருந்து வந்தது. ஆனால் வண்டியின் உடல் மட்டும் புதுமையானது. அக்காலத் திறந்த கார்களிற் பெரும்பாலானவற்றில் கனத்த இரும்புச் சட்டம் தனியாகவும், அதன்மேல் உடல் தனியாகவும் இருக்கும். ஸ்பிரைட்டில் தகட்டு உடலே சட்டமாகவும் அமைந்தது. கூரையில்லாத வண்டியில் பாரம் முழுவதையும் தரைப்பகுதியே தாங்க வேண்டும். ஆதலின் பின்சக்கரங்களுக்குரிய பட்டை வில்களைப் பாதி நீளத்தில் நிறுத்தி, அவற்றின் முனைகளை இருக்கைகளுக்குப் பின்னுள்ள வலிய தரையிலேயே பிணைத்தனர். அதனால் வண்டியின் வால்பகுதி பாரம் தாங்க வேண்டியதில்லை. அதனை மெல்லிய தகட்டால் அமைக்க முடிந்தது. அப்பகுதியின் உறுதி குன்றாதிருக்கப் பின்புறம் திறக்கும் மூடியும் வைக்கவில்லை. பெட்டியை உள்ளே வைக்க விரும்புவோர் இருக்கையை மடக்கித் தலையை உள்ளே நுழைத்துத்தான் வைக்க வேண்டும். கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது.

முன்விளக்குகளின் கதை சுவையானது. வேண்டாதபோது மடங்கிப் படுக்கும் விளக்குகளே முதலில் திட்டமிடப்பட்டன. செலவு கருதி அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. விளக்குகள் மூடியின்மேல் இரு கண்கள் விழித்தாற்போல நிலையாக நின்றுவிட்டன. ஆங்கிலேயர் அவ்வண்டியைத் ‘தவளைக் கண்’ என்றனர். அமெரிக்கர் ‘பூச்சிக் கண்’ என்றனர். சிக்கனத்தால் விளைந்த குறையே அழகாயிற்று. மூன்றாண்டுகளில் 48,987 வண்டிகள் உருவாயின. 1959-இல் அமெரிக்காவின் செப்ரிங் நகரில் நிகழ்ந்த 12 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பின் முதல் மூன்று இடங்களையும் ஸ்பிரைட்டே கைப்பற்றியது.

இவ்வண்டி எங்கே உருவாயிற்று என்பதுதான் நாம் கருதற்குரியது. ஆஸ்டின் பெயரைத் தாங்கிய இது ஆஸ்டின் தொழிற்சாலையில் உருவாகவில்லை. ஆக்ஸ்போர்டுக்கு அருகேயுள்ள அபிங்டன் என்னும் சிற்றூரில், எம்.ஜி. தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது. எம்.ஜி. தொழிலாளர்கள் தங்கள் பெயரில்லாத வண்டியைத் தங்கள் கைகளாலேயே செய்து அனுப்பினர். எம்.ஜி.க்கும் சிறுவண்டி மரபு ஒன்று உண்டு. 1929 முதல் ‘மிட்ஜெட்’ என்னும் பெயரில் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை விற்றுப் புகழ் பெற்றது அந்நிறுவனமே. 1955-இல் அப்பெயர் நின்றுபோயிற்று. எம்.ஜி. விற்பனையாளர்கள், சிறு வண்டி கேட்டு வருவோரை ஆஸ்டின் கடைக்கு அனுப்ப நேர்ந்ததைக் கண்டு வருந்தினர்.

1961-இல் அவர்கள் குறை தீர்ந்தது. அவ்வாண்டு ஸ்பிரைட்டின் வடிவம் மாற்றப்பட்டது. முன்பாதியை மாற்றும் பணி ஹீலி குழுவினர்க்கும், பின்பாதியை மாற்றும் பணி அபிங்டனில் சிட் எனெவர் தலைமையிலான குழுவினர்க்கும் பகுத்தளிக்கப்பட்டது. தவளைக் கண்கள் மறைந்து விளக்குகள் இருபுறமும் ஒதுங்கின; பின்புறம் திறக்கும் டிக்கி வந்தது. மே மாதம் புதிய ஸ்பிரைட் வெளிவந்தது. அடுத்த மாதமே, அதே உடலும் அதே எஞ்சினும் கொண்டு, எம்.ஜி. மிட்ஜெட் என்னும் மீட்டெடுத்த பெயருடன் மற்றொரு வண்டி வெளிவந்தது.

இவ்விரண்டின் வேறுபாடுகளைத் தொகுத்துக் காண்போம். ஸ்பிரைட்டின் முகப்பில் வலை போன்ற கம்பித்தட்டி. மிட்ஜெட்டின் முகப்பில் எம்.ஜி. மரபுப்படி செங்குத்துக் கம்பிகள். மிட்ஜெட்டின் பக்கங்களிலும் முன்மூடியிலும் பளபளக்கும் பட்டைகள். ஸ்பிரைட்டில் அவை இல்லை. மிட்ஜெட்டின் இருக்கைகள் சற்றே சீரியவை. அதற்கேற்ப விலையும் சற்றே மிகுந்தது. இவ்வளவே. சாலையில் ஓட்டுங்கால், கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பவர்க்கு இது இன்னதெனக் கூற இயலாது. இரண்டு பெயர்களையும் ஒட்டிச் சேர்த்து ‘ஸ்பிரிஜெட்’ என ஆர்வலர்கள் அழைக்கலாயினர். நிறுவனத்தாரினும் மக்களே உண்மையை நன்கு உணர்ந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று.

அதன் பின்னர் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. 1962-இல் இரண்டிற்கும் 1098 கன சென்டிமீட்டர் எஞ்சினும், முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குகளும் வந்தன. 1964-இல் இரண்டிற்கும் ஏற்றி இறக்கும் கண்ணாடிகளும், கதவுக் கைப்பிடிகளும், முழு நீளப் பட்டை வில்களும் வந்தன. 1966-இல் இரண்டிற்கும் 1275 கன சென்டிமீட்டர் எஞ்சின் வந்தது. ஆற்றல் 65 குதிரைச் சக்தியாயிற்று. ஒன்றிற்கு வந்த நன்மை மற்றதற்கு வராமலிருந்ததில்லை.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. 1958-ஆம் ஆண்டு ஸ்பிரைட்டையும் 1968-ஆம் ஆண்டு ஸ்பிரைட்டையும் அருகருகே நிறுத்துவோமாயின், பெயர் ஒன்று. வடிவமும் எஞ்சினும் வில்களும் வசதிகளும் வேறு. 1968-ஆம் ஆண்டு ஸ்பிரைட்டையும் அவ்வாண்டு மிட்ஜெட்டையும் நிறுத்துவோமாயின், பெயர்தான் வேறு. மற்றவை பெரும்பாலும் ஒன்றே. வேறானவற்றைப் பெயர் ஒன்றெனக் காட்டுகிறது. ஒன்றானதை வேறெனக் காட்டுகிறது. ஆகவே இவ்வண்டிகளை ஒப்பிடப் புகுவோர் முகப்பிலுள்ள பெயரைப் படிப்பதற்கு முன், அது பிறந்த ஆண்டைக் கேட்டறிதல் வேண்டும்.

ஆயினும் பெயர் வெறும் ஒலியே என்று தள்ளிவிடவும் இயலாது. 1968-இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனின் வாரிசாகப் பிரிட்டிஷ் லேலண்டு என்னும் மாபெரும் நிறுவனம் தோன்றியது. அதன் தலைவர் டொனால்டு ஸ்டோக்ஸ் கணக்கேடுகளைப் புரட்டினார். ஒரே வண்டிக்கு இரண்டு பெயர்கள் எதற்கு? அதிலும் ஒரு பெயருக்காக வெளியாருக்குத் தொகை செலுத்துவானேன்? 1970 முடிவோடு ஹீலி குடும்பத்தாருடன் கொண்ட உடன்படிக்கை முடிவுற்றது. 1971-இல் சில மாதங்கள் வெறும் ‘ஆஸ்டின் ஸ்பிரைட்’ என்னும் பெயரோடு 1,022 வண்டிகள் உருவாயின. பின்னர் அதுவும் நின்றது. அவ்வண்டியை எண்ணத்தில் ஈன்றவரின் பெயர் முதலில் உதிர்ந்தது. வண்டியின் பெயர் அடுத்து உதிர்ந்தது. தரத்தால் ஸ்பிரைட் தோற்றதன்று. தன்னைப் போன்ற ஒன்றினிடம் தரத்தால் தோற்பது எவ்வாறு இயலும்? பெயருக்குரிய செலவே அதனை வீழ்த்தியது. ஹீலி பின்னர் ஜென்ஸன் நிறுவனத்தில் சேர்ந்து, 1972-இல் ஜென்ஸன்-ஹீலி என்னும் வண்டியை வெளியிட்டார், 1988-இல் மறைந்தார்.

தனித்து நின்ற மிட்ஜெட்டும் இடரின்றி வாழவில்லை. 1974-இல் அமெரிக்கச் சட்டங்களுக்கு இணங்க அதற்குக் கனத்த கருநிறப் பம்பர்கள் பொருத்தப்பட்டன. வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. எடை கூடியது, வளைவுகளில் முன்னிருந்த உறுதி குன்றியது. எஞ்சினும் மாறியது. அதன் நேர்ப் போட்டியாக விளங்கிய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் 1493 கன சென்டிமீட்டர் எஞ்சின் மிட்ஜெட்டில் ஏறியது. நெடுநாட் போட்டியாளனின் இதயமே இதற்கு இதயமாயிற்று.

இவ்விடத்தில் தமிழகத்தோடு ஓர் உறவும் வந்து சேர்கிறது. அந்த டிரையம்ஃப் எஞ்சினின் மூதாதை, 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட சிறு எஞ்சின். அதே குலத்தில் பிறந்த 948 கன சென்டிமீட்டர் எஞ்சினைத் தாங்கித்தான், சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. முதல் ஸ்பிரைட்டின் எஞ்சினும் 948 கன சென்டிமீட்டரே. எனினும் அதற்கும் ஹெரால்டுக்கும் குல உறவு இல்லை. அளவு வேறுபட்ட கடைசி மிட்ஜெட்டோடுதான் நம் ஹெரால்டுக்கு உறவு. எண்ணும் பெயரும் காட்டாத உறவை வரலாறு காட்டுகிறது.

1979-இல் மிட்ஜெட்டின் உற்பத்தி நின்றது. அபிங்டன் நகரில் எம்.ஜி. குடியேறிய 50-ஆம் ஆண்டு விழா நிகழ்ந்ததும் அவ்வாண்டே. தொழிற்சாலையை மூடும் முடிவு வெளியானதும் விழா ஓய்ந்த சில நாட்களிலேயே. 1980-இல் அதன் கதவுகள் அடைபட்டன. ஸ்பிரைட் என்றும் மிட்ஜெட் என்றும் பகுத்துப் பாராமல் இரண்டையும் ஒரே திறத்தோடு பூட்டிய தொழிலாளர் கரங்கள், இரண்டு பெயர்களாலும் காக்கப்படவில்லை. மொத்தத்தில் உருவான ஸ்பிரைட்டுகள் ஏறத்தாழ 1,29,000. மிட்ஜெட்டுகள் ஏறத்தாழ 2,26,000. இரண்டையும் கூட்டினாலன்றி அபிங்டனின் உழைப்புக்குரிய கணக்கு நிறைவுறாது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இக்கதை முற்றிலும் அயலானதன்று. வடபுலத்தில் தென்னவர் அனைவரையும் ‘மதராஸி’ என்னும் ஒரே பெயரால் அழைத்த வழக்கை நாம் அறிவோம். திருநெல்வேலியாரும் திருவனந்தபுரத்தாரும் அப்பெயரில் ஒன்றாயினர். பெயர் வசதியானது, ஆனால் அது பொருளை அளந்து இடப்பட்டதாக இருக்க வேண்டுமென்பதில்லை. பெயரைக் கொண்டு மதிப்பிடாமல், எங்கே பிறந்தது, எவரால் உருவானது, எவ்வாறு வளர்ந்தது என்று கேட்டு மதிப்பிடுவதே வரலாற்று நோக்கு. ஸ்பிரைட்டும் மிட்ஜெட்டும் ஓடிய சாலைகளிலிருந்து நாம் கொண்டு வரத்தக்க செய்தி இதுவேயாகும்.