புகைக்கு ஒரு ஃபில்டர், அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர்

ஃபில்டர் என்றால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகத்துக்கு வருவது காபி ஃபில்டர்தான். பித்தளையோ எவர்சில்வரோ, சில மாதம் புழங்கினால் மேல் பாத்திரத்தின் துளைகள் அடைத்துக்கொள்ளும். டிகாஷன் இறங்காது. என்ன செய்வோம்? அந்த மேல் பாத்திரத்தை மட்டும் கேஸ் அடுப்பில் நேராக நெருப்பில் காட்டுவோம். அடைத்திருந்த தூள் கருகி உதிரும். தட்டிக் கழுவி வைத்தால் மறுபடி டிகாஷன் சொட்டும்.

டீசல் வண்டியின் சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்திருக்கும் டி.பி.எஃப். என்கிற துகள் வடிகட்டியும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும். அடைத்துக்கொண்டால் தன்னைத் தானே சூடாக்கி அந்தக் கரியை எரித்துவிடும்.

அடைக்கிறதே என்று ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரும் தூளோடு காபி குடிப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிக்கப் டிரக்குகளில் அதைத்தான் செய்தார்கள். ஏன் செய்தார்கள் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. மானேசரில் வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவன் என்பதால், இங்கே தில்லியில் பி.எஸ்.6 டீசல் வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "சார், அந்த ஃபில்டரைக் கழட்டிடலாமா?"

முதலில் பெட்ரோல் கார்கள்

கழற்றும் பழக்கம் டீசலில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அது கெட்டுவிடும். அதனால் புதுக் கார்களின் டேங்க் வாயைச் சிறிதாக்கினார்கள். ஈயப் பெட்ரோல் போடும் பெரிய குழாய் அதற்குள் நுழையாது. நல்ல யோசனைதான். ஆனால் ஈயப் பெட்ரோல் காலனுக்குச் சில சென்ட் மலிவு. ஜனங்கள் விடுவார்களா? டேங்க் வாயைக் குத்திப் பெரிதாக்கினார்கள், புனல் வைத்து ஊற்றினார்கள். கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை மாட்டியவர்களும் உண்டு.

சட்டம் பின்னாலேயே ஓடியது. 1970-ன் தூய காற்றுச் சட்டம், தயாரிப்பாளரும் டீலரும் இந்தச் சாதனங்களைக் கழற்றக்கூடாது என்றது. 1977 திருத்தம் பழுது பார்க்கும் பட்டறைகளையும் உள்ளே இழுத்தது. 1990 திருத்தத்தில்தான் யாராக இருந்தாலும் கழற்றக்கூடாது, கழற்றுவதற்கான பொருளை விற்கவும் கூடாது என்று வந்தது. மூன்று படிகள், இருபது வருடங்கள்.

டீசலுக்கு வந்த முறை

2001 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இ.பி.ஏ.) கனரக டீசல் வண்டிகளுக்கான புது விதியை வெளியிட்டது. 2007 மாடலிலிருந்து கரித்துகள் 90 சதவீதம் குறைய வேண்டும். அதற்கு முன் டீசலையே சுத்தம் செய்தாக வேண்டும். பெட்ரோலில் ஈயம் செய்த வேலையை டீசலில் கந்தகம் செய்யும். பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருந்த கந்தகத்தை 2006-லிருந்து 15 பங்காகக் குறைத்தார்கள்.

இதன் பிறகு ஃபோர்டு, ஜி.எம்., டாட்ஜ் மூன்றின் பெரிய டீசல் பிக்கப்களிலும் டி.பி.எஃப். வந்து உட்கார்ந்தது. உள்ளே பார்த்தால் தேன்கூடு மாதிரி பீங்கான். ஒரு கண்ணறை முன்பக்கம் அடைத்திருக்கும், அடுத்தது பின்பக்கம் அடைத்திருக்கும். புகை சுவர் வழியே கசிந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கரி எரியும். மீதியை எரிக்க, வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் தெளித்து வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். காபி ஃபில்டரை அடுப்பில் காட்டும் வேலைதான்.

சிக்கல் இங்கேதான். பிக்கப் வைத்திருந்தவர்களில் விவசாயிகளும் மாட்டுப்பண்ணைக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் நிறைய. இரண்டு மைல் ஓட்டி நிறுத்துவார்கள், இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும், கரி சேரும், விளக்கு எரியும், கடைசியில் பவர் குறையும். பாதியில் நின்ற ரீஜெனரேஷனில் தெளித்த டீசல் சில இன்ஜின்களில் ஆயிலோடு போய்க் கலக்கும். வாரண்டி முடிந்தபின் ஃபில்டர் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர். ஆரம்பமே சரியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007 மார்ச்சில் ஃபோர்டு தன் புது டீசல் பிக்கப்களில் சுமார் 37,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சைலன்ஸர் முனையில் தீ வந்தது காரணம்!

ஆகவே கழற்றியவர்கள் எல்லோரையும் ரௌடிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அறுவடை நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றால் யாருக்கும் கோபம் வரும்.

கழற்றும் தொழில்

வெறும் ஸ்பேனர் போதாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஃபில்டர் இல்லையென்றால் விளக்கைப் போடும். அதனால் இரண்டு சாமான்கள் விற்றார்கள்: ஃபில்டர் இருந்த இடத்துக்கு ஒரு நேர்க்குழாய், கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ட்யூனர். கூடவே அதிக பவர், அதிக மைலேஜ் என்று ஆசை காட்டினார்கள்.

இதிலேயே ஒரு கூட்டம் வேறு திசையில் போனது. வேண்டுமென்றே டீசலை அதிகமாகத் தள்ளி, சைக்கிளில் போகிறவர் மேலும் ஹைப்ரிட் கார் மேலும் கறுப்புப் புகையை ஊதுவது. 'ரோலிங் கோல்' என்று பெயர் வைத்துப் படமெடுத்துப் போட்டார்கள். 2015-ல் நியூஜெர்சி மாநிலம் இதற்கென்றே தனித் தடை கொண்டுவந்தது.

சத்தமில்லாமல் கழற்றியவர்கள் எத்தனை பேர்? 2020 நவம்பரில் இ.பி.ஏ.வின் அமலாக்கப் பிரிவு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்கள், அதாவது அந்த வகை வண்டிகளில் சுமார் 15 சதவீதம். அவை தம் ஆயுளில் கூடுதலாக விடும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன், கரித்துகள் 5,000 டன். சாலையில் 90 லட்சம் ஒழுங்கான டிரக்குகளைக் கூடுதலாக இறக்கிவிட்டதற்குச் சமம்.

காபிக் கணக்கு இங்கேதான் ஒத்துவராமல் போகிறது. காபியில் தூள் வந்தால் கழற்றினவன் வாய்க்கே வரும். டீசலில் ஃபில்டரைக் கழற்றினால் குடிப்பது பின்னால் வருகிறவன். செலவும் தொல்லையும் வண்டிக்காரனுக்கு, நல்ல காற்று ஊருக்கு. கழற்றினால் லாபம் வண்டிக்காரனுக்கு, கரி ஊருக்கு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

பெரியவர்கள் செய்ததோ?

"கம்பெனிக்காரனே ஏமாத்தறான், நான் கழட்டினா தப்பா?" என்ற கேள்வி அங்கேயும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1998-ல் ஏழு டீசல் இன்ஜின் நிறுவனங்கள் 8.34 கோடி டாலர் அபராதம் கட்டின. சோதனையில் ஒரு மாதிரியும் நெடுஞ்சாலையில் வேறு மாதிரியும் ஓடும்படி சுமார் 13 லட்சம் இன்ஜின்களில் மென்பொருள் வைத்திருந்தார்கள். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது. அந்த வருடம் டிசம்பரில் இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2023 டிசம்பரில் கம்மின்ஸ், ராம் பிக்கப் இன்ஜின்கள் விஷயத்தில் 167.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதில் மிகப் பெரிய அபராதம் அதுதான்.

கோபம் நியாயம்தான். ஆனால் கம்பெனி விட்ட புகையும் நாம் விடும் புகையும் போய்ச் சேருவது ஒரே நுரையீரலுக்கு.

நம்ம ஊர்

நான் தில்லிக்கு வந்தது 2001-ல். 1998 ஜூலை 28 உச்சநீதிமன்ற உத்தரவின்படி பஸ்களையும் ஆட்டோக்களையும் சி.என்.ஜி.க்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். பங்குகளில் ராத்திரி முழுக்க ஆட்டோக்கள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் திட்டாத திட்டு இல்லை. இருந்தாலும் 2002 முடிவதற்குள் டீசல் பஸ்கள் போய்விட்டன. அந்த மாற்றத்தில் ஒரு வசதி: எரிபொருளே மாறியதால், தனி ஆள் ராத்திரியோடு ராத்திரியாக அதைத் திருப்ப முடியாது.

பி.எஸ்.6 அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்தபோது டீசலின் கந்தகம் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. டீசல் காருக்கான துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆனது. அதைச் சாதிப்பது அந்த ஒரு பீங்கான் டப்பாதான். அதைக் கழற்றினால் சாதித்தது எல்லாம் போச்சு. நம்முடைய பி.யூ.சி. சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை அது எண்ணுவதில்லை. சர்ட்டிஃபிகேட் கிடைத்துவிட்டது என்பதால் புகை சுத்தம் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ என்கிறது.

அமெரிக்காவில் கழற்றியவர்களின் தொல்லை நமக்கும் அப்படியே பொருந்தும். துவாரகாவில் பிள்ளையைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். ஃபில்டர் சூடாகவே நேரமில்லை. அதற்குச் சில வழிகள்:

* விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். வண்டியின் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராக இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள்.
* ரீஜெனரேஷன் நடக்கும்போது பாதியில் இன்ஜினை அணைக்காதீர்கள்.
* கம்பெனி சொன்ன, சாம்பல் குறைவான ஆயிலையே போடுங்கள். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது. அது ஃபில்டரிலேயே தங்கும்.
* அடிக்கடி அடைத்தால் ஃபில்டரைக் குறை சொல்லுமுன் இன்ஜெக்டரையும் இ.ஜி.ஆர். வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான் என்றால் அடுத்த வண்டி டீசலாக வேண்டாம். ஷோரூமில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

விதி போடுகிறவர்களும் வண்டிக்காரரின் தொல்லையைக் கணக்கில் எடுக்க வேண்டும். புகைச் சுத்திகரிப்புத் திரவம் தீர்ந்தாலோ அதன் சென்ஸார் கோளாறானாலோ வண்டி சட்டென்று முடங்குவதைத் தளர்த்த 2025 ஆகஸ்டில் இ.பி.ஏ. வழிகாட்டுதல் வெளியிட்டது. விவசாயிகள் பல வருடம் கேட்டது அது. முன்பே செய்திருந்தால் கொஞ்சம் பேராவது ஸ்பேனரைத் தொடாமல் இருந்திருப்பார்கள்.

என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் 'வேண்டாம்' என்பதுதான். நவம்பரில் நம் காலனியில் எத்தனை வீட்டில் நெபுலைசர் ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியும். பி.எஸ்.6 டீசலோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். முக்கியமாகக் கழற்றாமலே சமாளித்தவர்கள் எழுதினால் பலருக்கு உதவும் :-)