பாவையும் அதன் திட்டமும்

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்து; மொழி சமஸ்கிருதம். ஏழு பகுதிகள், நந்நான்காகக் கோத்த சுரங்கள். ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. வாசித்த விரல்கள் போய்விட்டன. வாசிப்பதற்கான திட்டம் நிற்கிறது.

பாவைக்கூத்தில் நிலைமை நேர் எதிர். பாவைகள் கைக்கு எட்டுகின்றன. திட்டம் பாறையில் இல்லை. அதனாலேயே நம்மில் பலர், பாவை செய்கிறவன் பரம்பரையாக வந்ததைத் திருப்பிச் செய்கிறான், அவன் எதையும் யோசிப்பதில்லை என்று முடிவுகட்டி விடுகிறோம். இது தவறு. திட்டம் என்றால் காகிதத்தில் கோடு இழுப்பது என்று நினைப்பதால் வருகிற தவறு.

தோல்பாவையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதை ஆடிவந்தவர்கள் மராத்தி பேசும் மண்டிகர்கள். 1676-ல் தொடங்கிய தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு இவர்கள் வருகையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவிட்டு, வெளிச்சம் ஊடுருவும்வரை சுரண்டுகிறார்கள். பழைய பாவையை அடியில் வைத்தே புதிய தோலில் கோடு எடுக்கலாம். நகல் என்கிற குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது. ஆனால் கோடு எடுத்த பிறகும் தீர்மானிக்க வேண்டியவை இருக்கின்றன. உளியால் போடும் துளைகள் தோலில் வெறும் ஓட்டைகள். திரையில் அவையே நகை, சரிகை, கிரீடத்தின் கல். அதிகம் துளைத்தால் தோல் தொய்ந்துவிடும். குறைத்தால் உருவம் இருண்டுவிடும். செய்கிறவன் தோலைப் பார்த்துக்கொண்டே விளக்கையும் திரையையும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனையும் கணக்கில் எடுக்கிறான்.

அடுத்த தீர்மானம் மூட்டு. ராமனுக்கும் சீதைக்கும் அசைகிற உறுப்புகள் குறைவு. ஒரு கை அசைந்தால் பெரும்பாலும் போதும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் உடம்பே துள்ளவேண்டும். மூட்டுகள் அங்கேதான் அதிகம். தெய்வத்தின் மதிப்பு அசையாமையில். கோமாளியின் சுதந்திரம் மூட்டுகளில். யாரை எவ்வளவு அசையவிடுவது என்பது ஒரு சமூகத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வசனத்துக்கு முன்பே தோலில் எழுதப்பட்டு விடுகிறது.

மரப்பாவைக்கு வேறு கணக்கு. குறள் 1020, நாணமற்றவர்களின் நடமாட்டத்தை, கயிற்றால் உயிர்போல மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. நாண் என்ற ஒரே சொல் வெட்கமாகவும் கயிறாகவும் நிற்கிறது. கயிறு வெளியிலிருந்து வருவது என்பதுதான் அந்தக் கண்டனத்தின் சாரம். ஆனால் கும்பகோணம் பகுதியின் பொம்மலாட்டத்தில், கயிறுகள் ஆட்டுகிறவன் தலையில் அணிந்த இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. பாவையின் கைகளைக் கம்பிகள் இயக்குகின்றன. பாவை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும்கூட இருக்கும். ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவன் தன் கழுத்தையும் அளந்துகொள்கிறான். கனமில்லாத கல்யாணமுருங்கை பயன்படுவதன் நியாயம் இது. 1810-ல் கிளைஸ்ட் என்ற ஜெர்மானியர் பாவைக்கூத்தைப் பற்றி எழுதியபோது, பாவைக்குள் இருக்கும் ஈர்ப்பு மையத்தை ஆட்டினால் உறுப்புகள் தாமாகவே தொடரும் என்றார். நம் பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவன் தலை திரும்பினால் பாவையும் திரும்புகிறது. மையத்தில் பாதி மனிதனிடம் இருக்கிறது. கயிறு முழுக்க வெளியிலிருந்து வருவதல்ல.

இன்று பாவைகளைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோம். ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவில் தோல்பாவைக் குடும்பங்கள் விளக்குக் கூடுகளும் சுவர்ப்படங்களும் செய்கின்றன. பிழைப்புக்காகச் செய்வதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. கோடு அப்படியே இருக்கிறது, வர்ணம் இருக்கிறது, துளையும் இருக்கிறது. விளக்குக் கூட்டுக்கு மூட்டு வேண்டாம். எனவே யாரை அசையவிடுவது என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்க வெளிச்சத்தில் தொங்கும் பாவைக்கும் இதே கதிதான். அங்கே துளைகள் வெறும் அலங்காரம்.

குடுமியான்மலையில் திட்டம் தங்கி ஆட்டம் போனது. பாவையில் ஆட்டம் போனால் திட்டமும் கூடவே போய்விடும். நம் கையில் மிஞ்சுவது தோல் மட்டுமே. பாவையைப் பற்றி எழுதுகிறவர்கள் உயரத்தையும் வர்ணத்தையும் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், எந்த மூட்டு அசைந்தது, எது அசையவில்லை, பாரம் யார்மேல் இருந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ஆடத் தெரிந்த கைகள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.