வலி மாத்திரையின் வரலாறு

மாணவர் சீரழிந்துவிட்டனர் என்று ஓலமிடுவோர், நஞ்சு அவர்தம் கைக்கு வந்த வழியை ஆராய்வதில்லை. நாம் அதனை ஆராய்வோம்.

1898இல் பேயர் கம்பனி ஹெரோயினை இருமல் மருந்தாகவே விற்றது. ஏறத்தாழ நூறாண்டுகளின் பின், 1996இல், பேர்டியூ நிறுவனம் ஒக்ஸிகொன்டின் என்னும் அபின் இன மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. அடிமைப்படும் அபாயம் குறைவென்று அதன் விற்பனையாளர் வைத்தியரை நம்பவைத்தனர். பல் பிடுங்கியதற்கும் விளையாட்டுக் காயத்துக்குங்கூட அபின் இன மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட்டன. மிஞ்சியவை வீட்டு அலுமாரிகளில் தங்கின. 2004இல், பன்னிரண்டாம் வகுப்பினருள் 9.5 சதவீதத்தினர் முந்திய ஓராண்டில் வைத்தியர் பணிப்பின்றி இத்தகைய மருந்துகளை உட்கொண்டிருந்தனர் என மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

2007இல் அந்நிறுவனத்தார் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய 60 கோடி டொலர் தண்டம் இறுத்தனர். வியாபாரம் தொடர்ந்தது. 2020இல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நிறுவன அதிபர் எவரும் சிறை செல்லவில்லை.

இன்று மாணவரிடையே இப்பழக்கம் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் பென்டனில் கலந்த போலி மாத்திரைகள் பரவின. 2019ஆம் ஆண்டிலும் பார்க்க 2020இல் பதின்ம வயதினரின் போதை மரணங்கள் ஏறக்குறைய இருமடங்காயின.

வேதனை தீர்க்கும் மருந்து மனிதனுக்கு வேண்டியதே. அம்மருந்தின் குணத்தை எடுத்துரைக்கும் பொறுப்பை, அதனால் இலாபம் தேடுவோரிடமே விட்டதுதான் கேடு. மாணவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்வார்களாக.