கொல்லைப்புறத்துக் குடிகள்

தமிழ் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் பழம்பெயர் படப்பை. பிற்காலத்தில் அது ஊருக்கு ஊர் கொல்லை, புழக்கடை என்று வழங்கிற்று. யாழ்ப்பாணத்தில் வீடும் மரங்களும் சேர்ந்த நிலம் முழுவதும் வளவு. சங்கப் பாடல்களில் வீட்டருகே நொச்சி நிற்கிறது, வயலைக்கொடி படர்கிறது. நற்றிணை 179ஆம் பாட்டில் அந்தக் கொடியைக் கன்றீன்ற பசு தின்றுவிடுகிறது. குறுந்தொகை 46இல் புலவர் மாமலாடன் காட்டும் சிட்டுக்குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப்பொடியில் குளித்து, வீட்டுக் கூரை இறப்பில் குஞ்சுகளோடு அடைகிறது. இரை, மண்குளியல், தங்குமிடம் என்று ஒரு குருவிக்கு வேண்டியதை இவ்வளவு கூர்மையாகக் கண்டெழுதியவர்கள் குறைவு.

எந்த உயிரையும் மனத்தில் வைத்துக் கொல்லையை யாரும் அமைக்கவில்லை. வீட்டுத் தேவைக்குச் செய்தவையே பிற உயிர்களுக்கும் உதவின. கிணற்றடியில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்கும் சேம்புக்கும் ஓடின. வாழைப்பூவின் தேனுக்குப் பகலில் தேன்சிட்டு வந்தது, இரவில் வௌவால் வந்தது. ஈரமண்ணில் தவளை தங்கியது. எருக்குழியிலும் சருகிலும் பெருகிய புழுக்களைத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளறின. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் அழகி வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டன. வேலியோரத்து எருக்கு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாயிற்று.

இவை எல்லாவற்றிலும் உயிர் மிகுந்தது வேலி. மழைக்காலத்தில் வெட்டி நட்ட கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கைப் போத்துகள் வேர்விட்டுத் தழைக்கும். யாழ்ப்பாணத்தில் இவற்றைக் கதியால் என்பர். பூவரசங்குழை அங்கே தோட்டத்துக்குப் பசுந்தழை உரம். கொங்கு நாட்டில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பதும் முட்கிளுவைதான். ஆடு நுழைய முடியாத அந்த அடர்த்திக்குள் ஓணானும் கீரியும் சாரையும் நடமாடின. கல்யாண முருங்கையின் சிவந்த பூவுக்கு மைனாவும் காகமும் கூடின. ஆடு தின்னாத ஆடாதோடையும் நொச்சியும் வேலிக்கு வேலியாக, இருமலுக்கும் சளிக்கும் மருந்தாக நின்றன.

வேலியின் வரலாற்றில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை வளர்க்கும் ஆசையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். சாய வணிகம் எடுபடவில்லை. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வகைகளோ வேலியாகவும் புதராகவும் ஊரெங்கும் பரவின. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறொரு கோச்சினீல் இனம்தான் அவற்றை அடக்கியது. பிறகு வேலிக்குச் சீமைக்கருவேலம் வந்தது. அதன்பின் முள்கம்பி, கடைசியில் சுற்றுச்சுவர்.

ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் கிணற்றடியே இல்லாமற்போயிற்று. கழிவுநீர் குழாய்வழி தெருவுக்குச் சென்றது. எருக்குழி இருந்த இடத்தில் சிமென்ட் தளம் வந்தது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நல்ல திருப்பம். ஆனால் தளத்துக்கு அடியில் இறங்கும் அந்த நீரால் நிலத்தடி நீர்வளம் பெருகுகிறது, தவளைக்கு ஈரம் கிடைப்பதில்லை.

இப்போது சூழலுக்கு இசைந்த வீடு கட்டுவோர் இழந்த அமைப்பைத் துண்டுதுண்டாக மீட்கின்றனர். சமையலறை நீரைக் கல்வாழை, சேம்புப் பாத்தியில் வடிகட்டி வாழைக்கு விடுவது கிணற்றடியின் மறுவடிவம். கடுமையான சலவைத்தூள் கலந்த நீர் மண்ணைக் கெடுக்கும் என்பதால் அதைத் தனியே பிரிக்க வேண்டியிருக்கிறது. புல்வெளியைவிட ஒரு மூலைச் சருகுக்குவியல் அதிக உயிர்களுக்கு இடம் தருகிறது. கறிவேப்பிலையில் பச்சைப்புழு கண்டதும் மருந்தடித்தால் வண்ணத்துப்பூச்சி பிறக்காது. சுவர் தவிர்க்க முடியாத மனைகளில் அதன் உட்புறம் நொச்சியும் ஆடாதோடையும் நெருக்கமாக நடப்படுகின்றன. அடியில் விடப்படும் சில துளைகள் வழியே அரணையும் தவளையும் அடுத்த மனைக்குப் போய்வருகின்றன.